சோங் அரண்மனை தரைக்கு மேலே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனாவின் பழைய தலைநகரங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையில் கைஃபெங் நகரமும் இடம்பெற்றது மகிழ்ச்சி. பெய்ஜிங், சியான் என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரும்பாலும் வழக்கம். ஆனால் ஏரிக்கரையில், உயர்ந்த மேடைமேல் நிற்கும் கட்டடத்தின் படத்தைப் போட்டு, "ஆயிரம் ஆண்டு பழைமையான சோங் அரண்மனை" என்று குறிப்பிட்டிருப்பது தவறு. லோங்திங் எனப்படும் அந்த மண்டபம், சோங் வம்சத்துக்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட சிங் வம்ச காலத்தில் எழுந்தது. சோங் பேரரசர்களின் அரண்மனை இருந்ததும் அந்த வட்டாரம்தான். ஆனால் அது இப்போது சுமார் 8 மீட்டர் ஆழத்தில் வண்டலுக்கு அடியில் கிடக்கிறது. படக்குறிப்பில் வந்த சின்னப் பிழைதானே என்று விட மனம் வரவில்லை. கைஃபெங்கின் கதையே அந்த 8 மீட்டர் மண்ணில்தான் இருக்கிறது.

மலையரண் இல்லாத, நாலாபுறமும் திறந்த சமவெளி ஊர் அது. எதிரி எந்தப் பக்கமிருந்தும் வரலாம். இருந்தும் 960 முதல் 1127 வரை சோங் அரசு அங்கே வீற்றிருந்ததற்கு ஒரே காரணம் சோறு. தெற்கே யாங்சி ஆற்றுப் பகுதியில் விளைந்த நெல், பியன் கால்வாய் வழியாகப் படகில் நேராகத் தலைநகருக்கு வந்து இறங்கியது. ஆண்டுக்கு 60 லட்சம் 'ஷி' தானியம் வரவேண்டும் என்பது அரசு வைத்த கணக்கு. ஒரு ஷி என்பது 60 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் முகத்தல் அளவு. படைக்கும் அதிகாரிகளுக்கும் படியளந்தது இந்தத் தானியம்தான். கால்வாய் தூர்ந்தால் தலைநகரம் பட்டினி.

கால்வாய் தூரத்தான் செய்தது. அதற்கு நீர் வந்தது மஞ்சள் ஆற்றிலிருந்து. அந்த ஆறு வடமேற்கு மஞ்சள் புழுதி மேட்டு நிலத்தை அரித்துக்கொண்டு வருவது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அளந்தபோது ஆண்டுக்குச் சராசரி 160 கோடி டன் வண்டலைச் சுமந்து வந்தது. மலையை விட்டுச் சமவெளியில் இறங்கியதும் ஓட்டம் தளர்கிறது, சுமை படிகிறது, படுகை உயர்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து கரையை உயர்த்துகிறார்கள். தண்ணீர் கரைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் அடுத்த ஆண்டு வண்டலும் அதற்குள்ளேயே படிகிறது. மறுபடி கரையை உயர்த்த வேண்டும். கடைசியில் ஊர் பள்ளத்திலும் ஆறு மேட்டிலும் நிற்கும்.

இதைக் கண்ணால் பார்த்து, அளந்தும் எழுதிவைத்தவர் ஷென் குவோ என்ற சோங் அதிகாரி. தலைநகரின் கிழக்கு நீர்வாயிலுக்கு அப்பால் பியன் கால்வாயின் படுகை, கரைக்கு வெளியே உள்ள நிலத்தைவிட 12 சீன அடிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 4 மீட்டர், உயர்ந்துவிட்டது என்கிறார். கரைமேல் நின்று கீழே பார்த்தால் வீடுகள் ஆழமான பள்ளத்தாக்கில் இருப்பதுபோல் தெரியுமாம். முன்பு ஆண்டுதோறும் தூர் வாரினார்கள். பிறகு 20 ஆண்டுகள் வாராமல் விட்டதன் விளைவு இது என்றும் காரணம் சொல்கிறார்.

1072-ல் அவர் செய்த மட்ட அளவீட்டை நம் பொறியியல் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். நீர்மட்டக் கருவியும் அளவுகோலும் வைத்துப் பார்த்தால், இவ்வளவு தூரத்துக்குச் சிறு சிறு பிழைகள் சேர்ந்துவிடும் என்று அவர் அதை நம்பவில்லை. கரை போட மண் வெட்டியதால் கால்வாய்க்கு வெளியே நெடுக வாய்க்கால் போன்ற பள்ளங்கள் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்துத் தண்ணீர் விட்டார். ஓரிடத்தில் சிறு தடுப்பணை கட்டினால் அதன்பின் நீர் மட்டமாக நிற்கும். மேலே போகப்போக நீர் ஆழம் குறைந்து தரை தட்டும் இடத்தில் அடுத்த அணை. இப்படிப் படிக்கட்டுபோல அணைகள். ஒவ்வோர் அணையிலும் மேல்பக்க நீர்மட்டத்துக்கும் கீழ்ப்பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து, எல்லாவற்றையும் கூட்டினார். தண்ணீர் தானே மட்டம் காட்டுவதால் கண் ஏமாற வழியில்லை. தலைநகர் முதல் சிஜோ வரை 840 லீ 130 தப்படி தூரத்தில் நிலம் இறங்கியது 194 அடி 8 அங்குலம் 6 'ஃபென்'. இன்றைய அளவில் சுமார் 60 மீட்டர். நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை அங்குலத்தின் பத்தில் ஒரு பங்குவரை கணக்கிட்டிருக்கிறார்கள்!

1079-ல் சேறு குறைந்த லுவோ ஆற்று நீரைக் கால்வாய்க்குத் திருப்பி நிலைமையைச் சற்றுச் சீராக்கினார்கள். ஆனால் 1127-ல் வடக்கிலிருந்து வந்த ஜூர்சென் இனத்தவரின் படை நகரைப் பிடித்தது. மறு ஆண்டு எதிரியை மறிக்க சோங் தரப்பே மஞ்சள் ஆற்றின் கரையை வெட்டிவிட்டது. ஆறு தெற்கே திரும்பியது. அடுத்த நூற்றாண்டுகளில் கைஃபெங்கை நெருங்கி வந்தது. அதன்பின் ஒவ்வொரு பெருவெள்ளமும் நகர்மேல் ஒரு புதிய தரையைப் போட்டுவிட்டுப் போனது. 1642-ல் கிளர்ச்சிப் படையின் முற்றுகையின்போது கரை உடைக்கப்பட்டது. இரு தரப்பாரும் வெட்டினார்கள் என்று பதிவுகள் சொல்கின்றன. பட்டினி, நோய், வெள்ளம் எல்லாம் சேர்ந்து சுமார் 3 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கு. சோங் காலம் முதல் அங்கே வாழ்ந்த யூதர்களின் தொழுகைக்கூடமும் அந்த வெள்ளத்தில்தான் போயிற்று; 1663-ல் திரும்பக் கட்டினார்கள். 1841-ல் மறுபடி கரை உடைந்து நகரம் எட்டு மாதம் தண்ணீரால் சூழப்பட்டுக் கிடந்தது. அபினிப் போரையொட்டி நாடுகடத்தப்பட்டுப் போய்க்கொண்டிருந்த, அபினி வணிகத்தை ஒடுக்கிய சிங் அதிகாரி லின் ஜெஷுவை வழியில் நிறுத்தி, அந்த உடைப்பை அடைக்கும் பணியில் ஈடுபடுத்தினார்கள். இன்று காணும் 14.4 கிலோமீட்டர் நகர மதில் அந்த வெள்ளத்துக்குப் பிறகு, 1842-ல் செப்பனிட்டுக் கட்டியது.

ஆகவே ஆழமாகத் தோண்டினால் சுமார் 3 மீட்டரில் சிங் நகரம், 5, 6 மீட்டரில் மிங் நகரம், 8 மீட்டரளவில் சோங் தலைநகரம், அதற்கும் கீழே தாங் காலத்து ஊர் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. வியப்பு என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் மக்கள் அதே இடத்தில் அதே தெருவைப் போட்டிருக்கிறார்கள். சோங் அரசவீதிக்கு நேர் மேலேதான் இன்றைய சோங்ஷான் சாலை ஓடுகிறது. அந்த வீதி பியன் கால்வாயைக் கடந்த ஜோச்சியாவ் பாலத்தை 1984-ல் கண்டறிந்தார்கள். 2018-ல் முறையான அகழாய்வு தொடங்கியது. வெளிப்பட்ட பாலம் மிங் காலத்தது. ஆனால் கால்வாயின் இரு கரைச்சுவர்களிலும் சுமார் 3.3 மீட்டர் உயரத்துக்குக் கடற்குதிரை, கொக்கு, மேகம் செதுக்கிய சோங் காலக் கற்சிற்பங்கள் அப்படியே இருந்தன. கல்லை அழிக்கவிடாமல் காத்ததும் அந்த வண்டல்தான்.

தரைக்கு மேலே உண்மையான சோங் கட்டடம் பார்க்க வேண்டுமானால் இரண்டு கோபுரங்கள் உண்டு. 974-ல் கட்டத் தொடங்கிய போ கோபுரத்தில் இன்று மிஞ்சியிருப்பது கீழ் மூன்று நிலைகளும் அவற்றின் உச்சியில் வைத்த சிறு கோபுரமும். மற்றொன்று 1049-ன் 'இரும்புக் கோபுரம்'. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதில் இரும்பே கிடையாது. பளபளப்புப் பூச்சிட்ட செங்கல்லின் நிறம்தான் இரும்புபோல் இருக்கிறது. எண்கோண வடிவம், 13 நிலை, சுமார் 55 மீட்டர் உயரம், உள்ளே ஏற 168 குறுகலான படிகள். மரவேலையில் பொருத்துவதுபோல் காடியும் நாக்குமாக வார்த்த செங்கற்கள் ஒன்றையொன்று கவ்வி நிற்கின்றன. அதன் அடிபீடம் மண்ணுக்குள் புதைந்துவிட்டது. வாசலில் நிற்பவர் நிற்பது வண்டல்மேல். அதற்கு முன், இக்கோபுரம் சேர்ந்த பௌத்த ஆலயத்தில் யூ ஹாவ் என்ற தச்சர் 989-ல் முடித்த மரக்கோபுரம் இருந்தது. அதை வேண்டுமென்றே வடமேற்காகச் சாய்த்துக் கட்டினார். கேட்டதற்கு, "இங்கே மலை இல்லை, வடமேற்குக் காற்று அதிகம், நூறு ஆண்டுக்குள் நிமிர்ந்துவிடும்" என்றாராம். காற்று நிமிர்த்துவதற்கு முன், 1044-ல் இடி விழுந்து எரிந்தது. செங்கல்லுக்கு மாறியது அதன்பிறகுதான்.

கட்டுரையில் போட்டிருந்த இன்னொரு படம், வண்ண விளக்குகளோடு இருக்கும் 'சோங் காலத்து வீதி'. அது 1988-ல் கட்டிய கடைத்தெரு. 1998-ல் திறந்த கேளிக்கைப் பூங்காவும் அப்படியே. சோங் கால ஓவியர் ஜாங் ஸெதுவான் வரைந்த, 5 மீட்டருக்கு மேல் நீளமான பட்டுச்சுருள் ஓவியத்தைப் பார்த்து அமைத்தது. இரண்டும் பார்க்க நன்றாகவே இருக்கும், பழைமை என்று மட்டும் சொல்லக்கூடாது. அந்த ஓவியத்தின் நடுவில் ஒரு வில்வளைவு மரப்பாலம் வரும். ஆற்றுக்குள் தூணே இல்லை; பெரிய மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஒரே தாவலில் அக்கரை சேர்த்திருக்கிறார்கள். தூண் வைத்தால் வேகமான நீரில் வரும் படகுகள் மோதி, பாலமும் போகும், படகும் போகும். அப்படியும் ஓவியத்தில் ஒரு படகு பாய்மரத்தைச் சாய்க்கத் திணறுகிறது. பாலத்தின்மேல் நிற்பவர்கள் குனிந்து கூவுகிறார்கள். கைஃபெங் எப்படி மூச்சு விட்டது என்பதற்கு அந்த ஒரு கை அகல இடம் போதும்.

கட்டுரையில் ஒரு வரிகூட வராத செய்தி ஒன்று உண்டு, தமிழ் நாளிதழில் அது விடுபட்டிருக்கக் கூடாது. இந்த நகரத்துக்கு 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதர்கள் வந்து சேர்ந்ததைச் சோங் வரலாறு பதிவுசெய்திருக்கிறது. முதல் தூது ராஜராஜன் பெயரில் வந்தது. குழுவில் 52 பேர். குவாங்ஜோ துறைமுகத்தை எட்டவே 1,150 நாள் ஆயிற்று. 1033-ல் வந்தது ராஜேந்திரன் அனுப்பியது. குலோத்துங்கன் காலத்து 1077-ஆம் ஆண்டுத் தூதில் 27 பேர். அவர்கள் முத்தும் கற்பூரமும் ஏந்தி அரண்மனைப் படியேறி, மண்டியிட்டு, அரியணைக்கு முன் தூவினார்கள். பதிலுக்குப் பேரரசர் கொடுத்தது 81,800 கோவைச் செப்புக்காசும் 52,000 'லியாங்' வெள்ளியும். ஒரு கோவை பெயரளவில் 1,000 காசு. வெள்ளி மட்டும் ஏறத்தாழ 2,000 கிலோ. பழைய தஞ்சை மாவட்டத்தில் புதையலாகக் கிடைத்த, நடுவில் சதுரத் துளையிட்ட சீனக் காசுகளில் பெரும்பாலானவை சோங் காலத்தவை.

நம்மவர்கள் முத்து தூவிய அந்த அரண்மனை, தாங்கள் வெளியிட்ட படத்தில் இருப்பது அல்ல; அதற்குக் கீழே புதைந்திருப்பது. படக்குறிப்பை "லோங்திங் மண்டபம், சிங் காலம், சோங் அரண்மனை இதன் அடியில்" என்று அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படம் மாற்ற இடமிருந்தால் இரும்புக் கோபுரத்தின் படத்தைப் போடுங்கள்.

தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்