பான் நகரிலிருந்து அப்பாவுக்கு

பான், ஜெர்மனி
8.12.2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இருபத்தைந்து நாட்கள் ஆகிவிட்டன. முருகையன் அண்ணன் மகன் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போன அன்று இரவே பதில் எழுத உட்கார்ந்தேன். தேதியை எழுதியதோடு சரி, எழுந்துவிட்டேன். அதுதான் போனில் பேசுகிறோமே என்று அம்மா கேட்பாள். போனில் உங்கள் முறை வருவதற்குள் அம்மா, சித்தி, செந்தில், எதிர்வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பேசி முடித்துவிடுகிறார்கள். நீங்கள் "சாப்பிட்டாயா, குளிர் எப்படி" என்று கேட்டுவிட்டு அம்மாவிடமே கொடுத்துவிடுகிறீர்கள். நான் சொல்ல நினைப்பது அதில் அடங்குவதில்லை.

சாப்பிட்டேன். பருப்புப் பொடி பாதி தீர்ந்துவிட்டது. மாவடுவை ஒரு நாளைக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருக்கிறேன். அகஸ்தியன்பள்ளி உப்பைத் துணியில் முடிந்து அனுப்பியிருக்கிறாளே அம்மா, அதைப் பிரித்தபோது ஈரம் கோத்துக் கட்டியாக இருந்தது. விரலால் உதிர்த்து ரசத்தில் போட்டேன். அன்றைக்கு ரசம் ரசமாக இருந்தது.

குளிர் இன்னும் உச்சத்துக்கு வரவில்லை. ஆனால் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. அறையில் ஹீட்டரை 18 டிகிரிக்கு மேல் வைப்பதில்லை. 2022-இல் ரஷ்யாவிலிருந்து வந்த எரிவாயு நின்றதிலிருந்து இங்கே பலருக்கும் அது பழகிவிட்டது. இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரிவதில்லை, அம்மா பயப்பட வேண்டாம். ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தக் குளிரிலும் காலை மாலை ஐந்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பூத்துவிடும். வேலைக்குப் பெரும்பாலும் நடந்தே போகிறேன். மாதம் 49 யூரோவுக்கு ஒரு டிக்கெட் உண்டு, அதை வாங்கினால் நாடு முழுவதும் பஸ்ஸிலும் சாதாரண ரயிலிலும் போகலாம். ஜனவரியிலிருந்து அது 58 ஆகிறது. நாற்பது நிமிட நடைதானே, உடம்புக்கும் நல்லது.

கீழ்வீட்டு ஷ்மிட்ஸ் பாட்டியை அம்மாவுக்குத் தெரியும். வந்த முதல் வாரமே குப்பைக்காக என்னிடம் சண்டைக்கு வந்தாரே, அவர்தான். இந்தக் கட்டடத்தின் பின்பக்கம் நான்கு தொட்டிகள் நிற்கின்றன. காய்கறித் தோலுக்குப் பழுப்பு, காகிதத்துக்கு நீலம், பாக்கெட், டப்பா போன்றவற்றுக்கு மஞ்சள், மிச்சத்துக்குச் சாம்பல் நிறம். கண்ணாடி பாட்டிலைத் தெருமுனையில் நிறம் பிரித்துப் போட வேண்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, உடையும் சத்தம் கேட்குமாம். நான் தயிர் டப்பாவைத் தெரியாமல் நீலத் தொட்டியில் போட்டுவிட்டேன். மறுநாள் காலை அது என் வாசலில் கழுவித் துடைத்து உட்கார்ந்திருந்தது. யார் வைத்தது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் பாட்டில், கலர் பாட்டில் எதை வாங்கினாலும் கூடவே முன்பணம் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், நம் பணத்தில் இருபது ரூபாய்க்கு மேல். காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும், அந்தத் தொகையை பில்லில் கழித்துக்கொள்ளலாம். நான் ஒன்றைக்கூட விடுவதில்லை. பூங்காவில் யாராவது விட்டுப்போனால் அதையும் எடுத்து வந்துவிடுகிறேன், இங்கே அதைக் கேவலமாக நினைப்பதில்லை. சின்ன வயதில் கோலி சோடா குடித்தால் பாட்டிலைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தானே நகர்வோம். இப்போது நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குக்கூடப் பத்து ரூபாய் முன்பணம் வைத்துத் திரும்ப வாங்குகிறார்கள். நம்மிடம் இருந்து நாம் விட்டதுதான் அது.

ஷ்மிட்ஸ் பாட்டிக்கு 85 வயது. பேத்தி லேனாவுக்கு 19. சென்ற ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கும், நானும் மேலே சும்மாதான் இருப்பேன். போனால், பாட்டி சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்துக் காகிதத்தை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். போன ஆண்டு வந்த பரிசுகளைச் சுற்றியிருந்த காகிதம். ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிழியாமல் நெம்பி எடுக்கிறார். மேலே மெல்லிய கைக்குட்டையைப் போட்டு, பெட்டியை அழுத்தாமல் நகர்த்துகிறார். மடிப்பு மறைந்து உள்ளேயிருந்து நட்சத்திரங்கள் வருகின்றன. ஓரம் நைந்த இடத்தைக் கத்தரித்து அடுக்குகிறார். எட்டு ஆண்டுகளாக அதே காகிதமாம், ஒவ்வோர் ஆண்டும் பரிசுகள்தான் சிறிதாகிக்கொண்டு வருகின்றன.

லேனா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பாட்டி, இந்தக் கட்டடத்திலேயே பூமிக்கு நல்லவர் நீங்கள்தான்" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். பாட்டிக்கு வந்ததே கோபம். "பூமியாவது ஒன்றாவது. நல்ல காகிதம், எதற்கு எறிய வேண்டும்?" என்றார். அங்கிருந்து பற்றிக்கொண்டது.

லேனா பள்ளிக்கூட நாளிலேயே வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகாமல் பருவநிலைக்காகத் தெருவில் நின்றவள். 2018-இல் சுவீடன் நாடாளுமன்றத்தின் முன் கிரேட்டா துன்பர்க் தனியாக உட்கார்ந்தாரே, அதிலிருந்து தொடங்கியது. 2023 ஜனவரியில், பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக இடித்த லுட்சராத் என்ற சிற்றூரில் கொட்டும் மழையிலும் சேற்றிலும் நின்றிருக்கிறாள். இப்போது பாலுக்குப் பதில் ஓட்ஸ் பால், இறைச்சி கிடையாது, விமானம் ஏறுவதில்லை. பாட்டி நேர்மாறு. கார் ஓட்டியதே இல்லை, விமானத்தைப் பார்த்ததோடு சரி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி இருந்தாக வேண்டும், ஹீட்டர் 24-இல் இருக்க வேண்டும். "ஹீட்டரைக் குறையுங்கள்" என்று லேனா சொன்னதும் பாட்டி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்ன கதையை உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

போர் முடிந்து வந்த 1946 குளிர்காலத்தில் பாட்டிக்கு ஏழு வயது. ஊரில் சோறும் இல்லை, நெருப்பும் இல்லை. ராத்திரி அவருடைய அண்ணன் மெதுவாகப் போகும் கரி ரயிலில் ஏறிக் கட்டிகளைத் தள்ளிவிடுவார், இவர் பாவாடையை ஏந்திப் பொறுக்குவார். அந்த ஆண்டின் கடைசி நாள், கொலோன் நகரக் கார்டினல் பிரிங்ஸ் பிரசங்கத்தில், வேறு வழியே இல்லாதவன் உயிரைக் காக்கத் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னாராம். அன்று முதல் கரி எடுப்பதற்கு இந்தப் பக்கத்து ஜனங்கள் அவர் பெயரையே வைத்து 'பிரிங்ஸன்' என்று ஒரு சொல்லை உண்டாக்கிவிட்டார்கள். "எந்தக் கரியை நீ வேண்டாம் என்கிறாயோ அதுதான் எங்களைச் சாகவிடாமல் காப்பாற்றியது. எனக்கு இனிமேல் குளிர வேண்டாம்" என்றார் பாட்டி. கை நடுங்கியது.

லேனாவும் விடவில்லை. "எங்களுக்கும் உயிர்தானே பாட்டி" என்றாள். இங்கே இளைஞர்கள் வழக்குப் போட்டு, 2021-இல் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கரியமில வாயுவைக் குறைக்கும் சுமையின் பெரும்பகுதியை 2030-க்குப் பிறகு வாழப்போகிறவர்கள் தலையில் தள்ளிவிடுவது அவர்களுடைய சுதந்திரத்தைப் பறிப்பது என்று. அதன் பிறகு, பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்க 2050 என்று வைத்திருந்த கெடுவை அரசு 2045 ஆக்கியது. லேனா இதைச் சொன்னபோது பாட்டி எதிர்த்துப் பேசவில்லை. எழுந்துபோய் ஹீட்டரைக் கொஞ்சம் திருகிவிட்டு வந்தார். கூட்டினாரா குறைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு லேனா என்னிடம் திரும்பினாள். உங்கள் ஊருக்கும் இங்கேயும் ஒருமுறை விமானத்தில் போய்வந்தால் எவ்வளவு புகை தெரியுமா என்று கேட்டாள். எனக்கு முன்னால் பாட்டி பதில் சொல்லிவிட்டார்: "அவள் அப்பாவைப் பார்க்க வேண்டாமா?" லேனாவின் முகம் சுண்டிவிட்டது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் பேசாமல் பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பொங்கலுக்கு வர இயலாது அப்பா. வேலை முறைப் பட்டியல் போட்டுவிட்டார்கள். சித்திரையில் டிக்கெட் விலை இறங்கும் என்கிறார்கள், அப்போது பார்க்கலாம். தேர்வும் பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அது முடிந்தால் உதவியாளர் என்பது போய்ச் செவிலியர் சம்பளமே வந்துவிடும்.

இந்த ஊரில்தான், ரைன் ஆற்றங்கரையில், ஐ.நா.வின் பருவநிலை மாற்றத் தலைமையகம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூனில் உலகத்து நாடுகள் எல்லாம் வந்து பேசுகின்றன. இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில் ஆர் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. கோடையில் பிள்ளைகள் இறங்கி விளையாடும் அளவுதான் தண்ணீர். 2021 ஜூலை 14 இரவு பெய்த மழையில் அது பாலங்களைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பூமி சூடாவதால் இப்படிப்பட்ட பேய்மழைக்கு வாய்ப்புக் கூடிவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். என்னோடு வேலை செய்யும் ஓர் அம்மா அங்கிருந்து வருகிறார். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் கையை உயர்த்திக் காட்டினார். கஜா புயல் அன்று நாம் கட்டிலுக்கு அடியில் கிடந்ததை அவருக்குச் சொன்னேன். 2018 நவம்பர் 16 என்று தேதியோடு சொன்னேன். நாற்பத்திரண்டு தென்னையில் ஏழு மிஞ்சியதைச் சொன்னேன். இருவரும் அன்று வேலையில் அதிகம் பேசவில்லை.

இவ்வளவும் எழுதியது ஏன் என்றால், புறப்படுவதற்கு முந்தின நாள் நான் உங்களிடம் கத்தியதை என்னால் மறக்க முடியவில்லை. வேலியோரம் பிளாஸ்டிக் பைகளைக் குவித்துக் கொளுத்தினீர்கள். "இந்தப் புகை நஞ்சு, உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று சித்தப்பா எதிரில் சொல்லிவிட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் குச்சியைப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். ஷ்மிட்ஸ் பாட்டி காகிதத்தைத் தேய்க்கும்போது எனக்கு நீங்கள்தான் தெரிந்தீர்கள். கிழிந்த வேட்டி துண்டாகி, துண்டு கரித்துணியாகி, கரித்துணி விளக்குத் திரியாகும் வரை நீங்கள் விட்டதில்லை. விழுந்த மட்டையைக் கீற்றாக முடைவீர்கள், முடையாதது அடுப்புக்குப் போகும். வேதாரண்யத்துக்கு இன்றும் சைக்கிளில்தான் போகிறீர்கள். இங்கே ஓர் ஆள் ஆண்டுக்கு ஏழெட்டு டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார், இந்தியாவில் சராசரி இரண்டு டன், உங்கள் கணக்கு அதிலும் எத்தனையோ கீழே இருக்கும். உங்களிடம் போய் ஒன்றும் தெரியாது என்றேன். மன்னித்துவிடுங்கள் அப்பா.

ஆனாலும் பிளாஸ்டிக்கைக் கொளுத்தாதீர்கள். இதைத் திரும்பவும் சொல்கிறேன். உங்கள் காலத்தில் எரித்தவை எல்லாம் ஓலையும் சருகும், சாம்பல் எருவானது. இது எருவாகாது, உங்கள் நெஞ்சில்தான் போய்ப் படியும், அந்த இருமல் போனிலேயே கேட்கிறது. ஒரு சாக்கில் கட்டி வைத்துத் தூய்மைக் காவலர் அக்கா வரும்போது கொடுத்துவிடுங்கள்.

செந்தில் ஓட்டு வீட்டை இடித்து மாடியோடு கட்ட வேண்டும் என்பதையும், நீங்கள் ஒப்பவில்லை என்பதையும் எழுதியிருந்தீர்கள். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கஜாவில் ஓடு பறந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது, அவன் அந்தப் பயத்தை மறக்கவில்லை. கொல்லைப்பக்கம் ஒரே ஓர் அறையைத் தளம் போட்டுக் கட்டிக்கொள்ளலாம், புயல் வந்தால் எல்லோரும் அதற்குள் இருக்கட்டும். முன்வீட்டைத் தொட வேண்டாம். முழுக்கத் தளம் போட்டால் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாமல் படுக்க முடியாது, அந்த மின்கட்டணத்தை யார் கட்டுவது? இங்கே ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. மழை பெய்தால் சத்தமே கேட்பதில்லை. நனைந்த தெருவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஒரு ராத்திரி ஓட்டில் மழை விழுகிறது என்று எழுந்து, ஒழுகும் இடத்தில் குண்டான் வைக்க இருட்டில் காலால் துழாவினேன். அப்புறம்தான் எங்கே இருக்கிறேன் என்பது நினைவு வந்தது. அந்த வீடு நான் வரும்வரை இருக்க வேண்டும் அப்பா.

ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாகப் போடுகிறேன் என்று செந்தில் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கடல் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது உறிஞ்ச உறிஞ்ச உப்புநீர்தான் உள்ளே வரும். பெரியத்தை வீட்டு ஆழ்துளைக் கிணறு கெட்டதும் அப்படித்தான். நம் கிணற்றை இந்தக் கோடையில் தூர்வாருங்கள்.

பணம் இந்த மாதம் பத்து நாள் தள்ளி வரும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வங்கி வேலை மெதுவாகத்தான் நடக்கும். கூட்டுறவு வங்கியில் அம்மாவின் நகைக்கு ஜனவரி 20 கெடு என்று நினைக்கிறேன். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள், முதலைச் சித்திரையில் பார்த்துக்கொள்ளலாம். ரசீதைச் செந்திலிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவுக்கு முட்டிவலி மாத்திரை தீர்ந்திருக்கும், அதையும் பாருங்கள். நட்ட தென்னங்கன்றில் எத்தனை பிழைத்தன? கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்த்து, போன ஆண்டைவிடக் கரிக்கிறதா என்று எழுதுங்கள்.

அன்பு மகள்,
தேன்மொழி

பி.கு.: பொட்டலம் வந்த மஞ்சள் பையை, திருத்துறைப்பூண்டி ஜவுளிக்கடைப் பையை, ஷ்மிட்ஸ் பாட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். சனிக்கிழமைச் சந்தைக்கு அதில்தான் உருளைக்கிழங்கு வாங்கி வருகிறார். லேனாவுக்கும் ஒன்று வேண்டுமாம். அம்மா பரணில் வைத்திருப்பதில் நல்லதாக இரண்டு அடுத்த ஆள் வரும்போது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.