பழத்தை வெட்டாம இனிப்புப் பார்க்கிற மெஷின் எங்களுக்கும் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நாங்க களுதாவளைப் பக்கம் மணல் தரையில வத்தகப்பழம் செய்யிற ஆக்கள். போன தடவை காய் முத்தின நேரம் ஒரு வியாபாரி லொறியோட வந்தார், விரலால சுண்டிச் சத்தம் பார்த்தார், பிறகு கத்தியை எடுத்து முக்கோணமா ஒரு துண்டு தோண்டி நாக்கில வைச்சிட்டு "இனிப்புக் காணாது அக்கா" எண்டார், அடுத்ததைத் தோண்டினார், அப்பிடியே 11 பழம். பின்னேரம் ஆகமுதல் அந்த 11லயும் எறும்பு. அதுக்குக் காசும் இல்ல, மிச்சப் பழத்துக்கும் விலையைக் குறைச்சுத்தான் ஏத்தினார்.

எங்கட மாமா காம்புக்குப் பக்கத்துச் சுருள்கொடி காய்ஞ்சிட்டா, நிலத்தில படுற வயித்துப் பக்கம் வெள்ளை மாறி மஞ்சளாகிட்டா எண்டு பார்த்துத்தான் ஆய்வார். முத்தினதை அது சொல்லும், இனிப்பு எவ்வளவு எண்டு சொல்லாதே.

இதுக்கு வெளிநாட்டில வழி இருக்கு ஐயா. ரீவி ரிமோட்டில இருந்து வருமே கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர், அந்த மாதிரி வெளிச்சத்தைப் பழத்துக்குள்ள விடுறாங்க, உள்ளுக்க இருக்கிற தண்ணியும் சீனியும் ஒவ்வொண்டும் தனக்குரிய அலையை உறிஞ்சிக்கொள்ளும் (தண்ணி 970 நனோமீற்றர் கிட்ட), மிச்ச வெளிச்சம் வெளிய வாறதை அளந்து பிரிக்ஸ் (சாறில சீனி எவ்வளவு எண்டு சொல்லுற அளவு) இவ்வளவு எண்டு மெஷின் கணக்குப் போடும். பழத்தில ஒரு கீறல் விழாது. ஜப்பானில 1980கள் கடைசியில இருந்தே பீச் பழத்தை இப்பிடித்தான் தரம் பிரிக்கிறாங்க, அவுஸ்திரேலியாவில மாங்காயை மரத்தில வைச்சே கையில பிடிக்கிற மெஷினால உலர்பொருள் (தண்ணி போக மிஞ்சிற மாச்சத்து, சீனி எல்லாம்) பார்த்திட்டுத்தான் ஆயுறாங்க. மாங்காய்க்கு இது பெரிய விசயம், ஏனெண்டா பிஞ்சில ஆய்ஞ்சு கார்பைட் வைச்சா தோல் மஞ்சளாகும், சீனி ஏறாது, நாங்க நிறத்தைப் பார்த்து வாங்கி வீட்ட கொண்டுவந்து வெட்டினா புளிப்பு.

வத்தகப்பழத்துக்கு அந்தக் கையில பிடிக்கிறது சரிவராது எண்டும் சொல்லோணும், தோல் தடிப்பு, வெளிச்சம் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் போகும். அதுக்கு ஒரு பக்கத்தால நல்ல பவரான ஹலஜன் பல்ப் அடிச்சு மற்றப் பக்கத்தால வாற வெளிச்சத்தைப் பிடிக்கிற பெரிய மெஷின் வேணும், அது தனி ஒரு விவசாயி வாங்கிற சாமான் இல்ல, பழம் சேர்க்கிற இடத்தில பொதுவா ஒண்டு இருந்தாக் காணும்.

ஆனா மெஷினை மட்டும் இறக்கி வைச்சாப் போதாது. மாங்காயிலயே கறுத்தக்கொழும்பான் இனத்துக்குப் போட்ட கணக்கு விலாட்டு இனத்துக்குப் பொருந்தாது, வெயிலில கிடந்து சூடேறின பழத்துக்கும் நிழலில இருந்ததுக்கும் கூட அளவு மாறும். எங்கட மண்ணில விளைஞ்ச பழத்தை நூற்றுக்கணக்கில முதல்ல வெளிச்சத்தில அளந்து, பிறகு வெட்டிச் சாறு எடுத்து அதிலயும் பிரிக்ஸ் பார்த்து, ரெண்டையும் பொருத்தி, ஒவ்வொரு போகமும் திருப்பிச் சரிபார்க்கோணும். வந்தாறுமூலை கம்பஸில (கிழக்குப் பல்கலைக்கழகத்தில) விவசாய பீடம் இருக்குது, படிச்ச பிள்ளைகள் இருக்குதுகள், விவசாயத் திணைக்களமும் சேர்ந்து இதைத் தொடங்கினா நல்லம்.

அப்பிடித் தொடங்கினா எங்கட தோட்டத்தில இருந்து 50 பழம் நான் சும்மா தாறன். அவங்க வெட்டுறதுக்கு எனக்கு மனவருத்தம் இல்ல.

இப்படிக்கு,
ஒரு தோட்டக்காரி,
களுதாவளை.