‘தி’யும் ஒரு சொல்தான்: ஐஇஎல்டிஎஸ், பிடிஇ பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் எழுதும் ஆங்கிலத் தேர்வுகளான ஐஇஎல்டிஎஸ், பிடிஇ இரண்டுக்கும் ஒரே வகுப்பில் பாடம் நடக்கும் மையங்களில், சொல் எண்ணும் விதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. தயவுசெய்து அவற்றைப் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் லிஸனிங், ரீடிங் பகுதிகளில் சொல் வரம்பு கறாரானது. ‘ஒன் வேர்டு ஒன்லி’ என்ற கேள்விக்கு ‘லைப்ரரி’ சரி. ‘தி லைப்ரரி’ இரண்டு சொல், மதிப்பெண் கிடையாது. தமிழில் ‘நூலகத்தில்’ ஒரே சொல். ஆங்கிலத்தில் அதுவே ‘இன் தி லைப்ரரி’ என்று மூன்றாக நிற்கும். அதனால்தான் ‘ஏ’, ‘தி’ இரண்டையும் நம் மாணவர்கள் சொல்லாகவே மதிப்பதில்லை. விடை எழுதும் கோட்டுக்கு முன்னால் ‘தி’ அச்சாகியிருந்தாலும் விடையில் இன்னொன்றைச் சேர்ப்பார்கள். காலியிடத்துக்கு முன்னும் பின்னும் உள்ளதைச் சேர்த்து வாசித்துப் பார்த்தால் இது உடனே பிடிபடும்.

ஹைஃபன் போட்டது ஒரே சொல். ஆகவே ‘பார்ட்-டைம் ஸ்டாஃப்’ இரண்டு. ‘நோ மோர் தேன் டூ வேர்ட்ஸ் அண்ட்/ஆர் எ நம்பர்’ என்றிருந்தால் ‘15 பார்ட்-டைம் ஸ்டாஃப்’ வரம்புக்குள்தான். எண்ணை இலக்கத்திலேயே எழுதப் பழக்குங்கள். ஸ்பெல்லிங் தவற வழியில்லை. ‘டோன்ட்’ போன்ற சுருக்கங்கள் இந்தப் பகுதிகளில் விடையாக வராது, அதற்கு வகுப்பு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ரைட்டிங்கில் கதையே வேறு. முதல் டாஸ்க்குக்குக் குறைந்தது 150 சொல், இரண்டாவதுக்கு 250. மேல்வரம்பு இல்லை. ‘300 தாண்டினால் மார்க் போச்சு’ என்பது பிடிஇ எஸ்ஸேயிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பயம். அங்கே 200 முதல் 300 சொல். 120க்குக் குறைந்தாலோ 380ஐத் தாண்டினாலோ வடிவத்துக்கான மதிப்பெண் பூஜ்யம். பத்தியைச் சுருக்கும் கேள்விக்கு 5 முதல் 75 சொல், அதுவும் ஒரே வாக்கியத்தில். இந்தக் கணக்கை ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர் தலையில் ஏற்றினால், நன்றாக வளர்ந்துவரும் கடைசிப் பத்தியை அவர் தன் கையாலேயே வெட்டிவிடுவார்.

அதற்காக முதல் டாஸ்க்கை 250 சொல்லுக்கு இழுப்பதும் நட்டம். இரண்டாவதுக்கு அதைப்போல் இரு மடங்கு மதிப்பு. 160–180, 260–290 என்று குறிவைத்தால் 20 நிமிடமும் 40 நிமிடமும் போதும்.

தாளில் எழுதுகிறவர் விரல் விட்டு எண்ணக் கூடாது. தன் கையெழுத்தில் வரிக்கு எத்தனை சொல் விழுகிறது என்று வீட்டிலேயே பத்து வரி எழுதிச் சராசரி பார்க்கட்டும். வரிக்கு 10 என்றால் இரண்டாவது டாஸ்க்குக்கு 25 வரி தாண்டினால் போதும். கணினியில் எழுதினால் எண்ணிக்கை திரையிலேயே தெரியும். ஆனால் இத்தகைய மென்பொருள்கள் பொதுவாக இடைவெளியை வைத்தே எண்ணும். கமாவுக்குப் பின் இடம் விடாமல் தட்டினால் இரண்டு சொல் ஒன்றாகிவிடும்.

கடைசியாக, மனப்பாட முன்னுரை. கேள்வியையே பெயர்த்தெழுதிய வரிகளையும் எல்லாத் தலைப்புக்கும் பொருந்தும் ‘இன் திஸ் மாடர்ன் எரா’ வகை வரிகளையும் கழித்துவிட்டு எண்ணிப் பாருங்கள். உங்கள் மாணவரின் 255, பல நேரம் 200கூடத் தேறாது.

இப்படிக்கு,
விடைத்தாள் திருத்தும் சக ஆசிரியர்கள்