தேடுபொறியை மாற்றினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

டக்டக்கோ என்ற தேடுபொறிக்கு மாறிவிட்டால் யாரும் நம்மைப் பின்தொடர முடியாது என்று பலர் நம்புகிறார்கள். தேடிய சொற்களை அது நம்மோடு இணைத்துச் சேமிப்பதில்லை என்பது பெரிய நன்மைதான். ஆனால் அதில் மைக்ரோசாஃப்ட் வழங்கும் விளம்பரத்தைத் தொட்டால் நம் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) மைக்ரோசாஃப்டுக்குப் போகும். டக்டக்கோ நிறுவனத்தின் பிரவுசர், மைக்ரோசாஃப்டுடன் செய்த ஒப்பந்தம் காரணமாக, பிற தளங்களில் மைக்ரோசாஃப்ட் டிராக்கர்கள் (நம்மைப் பின்தொடரும் நிரல்கள்) சிலவற்றைத் தடுக்காமல் விட்டதும் 2022 மே மாதம் வெளிவந்தது. ஆகஸ்டில்தான் திருத்தினார்கள். பயனர்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

தேடலுக்குப் பின் திறக்கும் தளம், நம்மை அடையாளம் காண உதவும் குக்கி என்ற சிறு தரவை நம் பிரவுசரில் வைக்கும். அதைத் தேடுபொறி தடுக்காது. அதனால் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைப் பயன்படுத்தினால், அதன் அமைப்புகளில் டிராக்கர் தடுப்பைக் கடுமையான நிலைக்கு மாற்றுங்கள். ஏதேனும் தளம் சரியாக இயங்காவிட்டால், முகவரிப் பட்டையில் உள்ள கேடயக் குறியைத் தொட்டு அதற்கு மட்டும் தளர்த்தலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்