சாட்சி சொல்வதற்கு முன் இதை வாசியுங்கள், அம்மா

மஹ்பூலா, குவைத்
7.8.2020, வெள்ளிக்கிழமை

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு மகன் எழுதிக்கொள்வது.

தேவ கிருபையால் நான் இங்கே சுகமாயிருக்கிறேன். உங்களுடைய சுகத்துக்காகவும், அக்கா, மச்சான், பிள்ளைகள் எல்லாருடைய சுகத்துக்காகவும் நாள்தோறும் ஜெபிக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை கைப்பேசியில் பேசுகிறவர்களுக்குள் கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைக்கக்கூடும். பேசத் தொடங்கியதும் நீங்கள் அழுகிறீர்கள். நானும் ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். சொல்ல வேண்டியது அப்படியே நின்றுவிடுகிறது. எங்கள் அறையில் இருப்பவர் ஒருவர் அடுத்த வாரம் சிறப்பு விமானத்தில் சென்னைக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்தக் கொரோனா காலத்துக் காய்ச்சலில் நான் பிழைத்ததற்காக நீங்கள் ஸ்தோத்திரக் காணிக்கை நேர்ந்திருப்பதாகவும், ஆலயம் திறந்ததும் சபையார் முன் எழுந்து சாட்சி சொல்லப் போவதாகவும் அக்கா சொன்னாள். அதற்கு முன், இங்கே நடந்தது இன்னதென்று நீங்கள் முழுமையாக அறிந்திருக்க வேண்டும்.

போன செப்டம்பரில் வந்து இறங்கியபோது, தேரிக்காட்டு மணலில் செருப்பில்லாமல் நடந்து வளர்ந்தவனை எந்த வெயில் என்ன செய்துவிடும் என்ற இறுமாப்பு எனக்கு இருந்தது. ஜூன் மாதம் அதை அடக்கிவிட்டது. இந்நாட்டின் வடமேற்கிலுள்ள மித்ரிபாவில் 2016 ஜூலையில் 53.9 டிகிரி பதிவானதாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனால் நாங்கள் பழுதுபார்க்கப் போகும் வீடுகளில் ஏ.சி. நின்றுபோவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். நான்கு மணிக்கு மேல் மொட்டைமாடி ஏறினாலும் ஏ.சி.யின் வெளிப்பெட்டியான கண்டென்சரின் மூடியைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. ஆறே இல்லாத நாடு இது; கடல்நீரைக் காய்ச்சி வடித்துத்தான் குடிக்கிறார்கள். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கொதிக்கும் என்பதால், கோடையில் குளியலறை ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்குள் நிழலில் தங்கி ஆறிய நீரைச் சுடுதண்ணீர்க் குழாய் வழியாகத் திறந்து குளிக்கிறோம். இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

விமான நிலையத்தில் என் தலையில் கைவைத்து 121-ஆம் சங்கீதத்தைச் சொல்லி அனுப்பினீர்கள். பகலில் வெயில் உன்னைச் சேதப்படுத்தாது என்று அதில் வருவதை, வெயிலே என்மேல் படாது என்று நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13-இல் பயணிகள் விமானங்கள் நின்றன. 22-ஆம் தேதி இரவு ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 6-இல் நான் இருக்கும் மஹ்பூலாவையும், நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஜிலீபையும் வேலியிட்டு அடைத்தார்கள். ஏழு பேர் ஓர் அறையில் இருந்தோம், வேலை இல்லை. ஏப்ரல், மே இரண்டு மாதச் சம்பளத்தைக் கம்பெனி தரவில்லை. கேட்பதற்கு அழைத்தால், மந்தூப் (கம்பெனியின் பிரதிநிதி) கைப்பேசியை எடுக்கவேயில்லை. ஏஜென்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய பணத்தை நினைத்து எத்தனையோ இரவுகள் விழித்துக் கிடந்தேன். மாதக் கடைசியில் நீங்கள் வட்டிக்காரரிடம் என்ன பதில் சொல்வீர்கள் என்பதே வெகுநாள் என் ஜெபமாக இருந்தது.

அந்த நாட்களில் கீழ்த்தளத்துக் கீழக்கரை பாய் செய்ததை உங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஏப்ரல் 24-இல் ரமலான் தொடங்கியது. தாம் விடியற்காலை முதல் தண்ணீர்கூடப் பருகாமல் இருந்துகொண்டு, மாலையில் நோன்புக் கஞ்சி காய்ச்சி, எங்கள் ஏழு பேருக்கும் ஒரு தூக்குவாளியில் ஊற்றி, கதவருகே வைத்து, இரண்டு தரம் தட்டிவிட்டு நாங்கள் திறப்பதற்குள் படியிறங்கிவிடுவார். நன்றி சொல்லக்கூட முகத்தைக் காட்டமாட்டார். வாளியின் மூடிமேல் சில நாள் நான்கு பேரீச்சம்பழம் இருக்கும், சில நாள் இருக்காது. அது இல்லாத நாளில் அவரிடமும் இல்லை என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். பெருநாள் முடிந்த பிறகும் அரிசி தீரும் வரை அந்தத் தட்டல் நிற்கவில்லை. எலியாவுக்குக் காகங்கள் அப்பம் கொண்டுவந்ததை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வந்த காகம் எந்த ஊர்க் காகம் என்று எலியா விசாரித்ததாக ஞாபகம் இல்லை.

மே 10-இல் முழு ஊரடங்கு தொடங்கியது. அது 30-ஆம் தேதி வரை நீடித்தது. அதன் நடுவே எனக்குக் காய்ச்சல் கண்டது. அதே வாரத்தில் அடுத்த கட்டிலில் இருந்த கரீம்நகர் அண்ணனுக்கும் கண்டது. அவரைப் பற்றி உங்களிடம் பேசியிருக்கிறேன்: ப்ளம்பர் வேலை, தெலுங்கு வேதாகமம், விடிகாலை நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து என்னையும் எழுப்பி ஜெபிக்கிறவர். எனக்குத் தெலுங்கு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் அவர் “ப்ரபுவா” என்று தொடங்கினால் அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்பது எனக்கு விளங்கிவிடும். முதலில் தம் மகளுக்காக, பிறகு எங்கள் ஆறு பேருக்காக, கடைசியில்தான் தமக்காக. மூச்சுத் திணறியபோது அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் இறந்துபோனார். உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை; இங்கேயே அடக்கம் செய்தார்கள். எங்களில் ஒருவரும் போகவில்லை. அவருடைய அலாரம் கடிகாரத்தை யாரும் நிறுத்தவில்லை. இன்றைக்கும் நாலரைக்கு அது அடிக்கிறது, நான் எழுந்துகொள்கிறேன்.

அம்மா, ஒரே அறை, ஒரே ஜெபம், ஒரே காய்ச்சல். நான் இருக்கிறேன், அவர் இல்லை. விசுவாசத்தைத் தராசில் வைத்தால் அவருடைய தட்டுதான் கீழே இறங்கியிருக்கும். விசுவாசிக்கிறவன் வாசலில் நோய் நுழையாது என்று சிலர் கைப்பேசியில் அனுப்பும் செய்திகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர் மனைவி இதைப் படித்தால் என்ன நினைப்பாள் என்று அவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்க மாட்டார்கள். ஆகையால் கர்த்தர் என் மகனைக் காப்பாற்றினார் என்று நீங்கள் சொல்லும்போது, அவரைக் கைவிட்டார் என்ற பொருள் அதற்குள் ஒளிந்துகொள்ளாதபடி சொல்ல வேண்டும்.

அப்படியானால் நீ எதை நம்புகிறாய் என்று கேட்பீர்கள். காய்ச்சல் உச்சத்தில் இருந்த இரண்டு இரவுகளில் எனக்கு ஜெபமே வரவில்லை. தரிசனம் ஒன்றும் கிடைக்கவில்லை, பயமும் போகவில்லை. மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தவனுக்கு நம் ஊர்க் கதைதான் நினைவுக்கு வந்தது. கிறிஸ்துவை ஏற்றதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்களைச் சேர்த்து, 1799-இல் டேவிட் சுந்தரானந்தம் உபதேசியார் குடியேற்றியதுதான் முதலூர். அந்த முன்னோர்களின் வாழ்வு குலையாதபடி கர்த்தர் தடுத்துவிடவில்லை. குலைந்த பிறகு காலூன்ற அவர்களுக்கு ஒரு பிடி மணல் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த மணலில் நின்றுதான் இருநூறு ஆண்டுகளாக நாம் ஸ்தோத்திரம் சொல்லி வருகிறோம். அன்றிரவு என்னைத் தாங்கியது அதே கை என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அதை உங்களுக்கு நிரூபிக்க என்னால் முடியாது.

ஜூலையில் வேலை மீண்டும் தொடங்கியது. இப்போதைக்குப் பாதிச் சம்பளம். ஊருக்கு வந்துவிடு என்று நீங்கள் சொல்வது நியாயமே. ஆனால் இந்தியாவிலிருந்து நேராக இங்கே வருவதற்குத் தடை இருப்பதால், வந்தால் திரும்ப முடியாது, கடனும் தீராது. இன்னும் ஓராண்டு பொறுத்துக்கொள்ளுங்கள்.

காணிக்கையில் பாதியை ஆலயத்துக்குக் கொடுங்கள். மறுபாதியைக் கரீம்நகருக்கு அனுப்ப வேண்டும். அண்ணன் மனைவியின் வங்கிக் கணக்கு விவரத்தைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், மச்சானிடம் கொடுங்கள். சாட்சி சொல்லும்போது அவரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயர் நம் சபையாருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் மகனோடு ஜெபித்தவர் என்று சொன்னால் போதும்.

நீங்கள் கட்டிக்கொடுத்த சுக்குக் கருப்பட்டி காய்ச்சலோடு தீர்ந்துவிட்டது. ஊரிலிருந்து யாராவது இங்கே வரும் காலம் வரும்போது அதையும், பாய்க்கென்று ஒரு கிலோ மஸ்கோத் அல்வாவும் கொடுத்தனுப்புங்கள். நம் ஊர் அல்வா தேங்காய்ப்பாலில் செய்தது என்று நான் சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்