லெட்டூஸ் கிடைக்காத மாதத்தில் கினிப்பன்றிகள் பஞ்சுக்கும் முந்திரிக்கும் என்ன போடுவது

கோயம்புத்தூர்
ஜூன் 2022

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஒரு லெட்டூஸ் கீரை உருண்டை 10 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் என்றால் நம் காசுக்கு 500 ரூபாயைத் தாண்டுகிறது. பிப்ரவரி கடைசியில் வெள்ளம், அப்புறம் மே மாதம் மறுபடியும் மழை என்று உங்கள் பக்கத்து லாக்கியர் பள்ளத்தாக்குக் காய்கறித் தோட்டங்கள் அடிவாங்கியபிறகு பிரிஸ்பேனில் விலை ஏறாமல் என்ன செய்யும்? உங்கள் ஊர் கேஎஃப்சி கடைகளிலேயே பர்கருக்கு லெட்டூஸோடு முட்டைக்கோஸைக் கலந்து வைக்கிறார்கள் என்று பேப்பரில் படித்தேன். ஆனால் உங்கள் வீட்டுக் கினிப்பன்றிகள் பஞ்சுக்கும் முந்திரிக்கும் லெட்டூஸ் வாங்க என் பேத்தி குட்டி தன் உண்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்றாயே, அதைக் கேட்டு என் மனசு உருகிவிட்டது. உண்டியல் அப்படியே இருக்கட்டும் என்று அப்புச்சி சொன்னதாக அவளிடம் சொல்லு.

ஆய்வகத்து விலங்குக் கூடத்தில் கினிப்பன்றிகளோடுதான் என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. அவற்றின் தீனியைப் பற்றிப் போனில் பாதிகூடச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் லெட்டூஸ் பற்றிய கவலையை விடு கண்ணு. கடையில் உருண்டையாக, வெளிறிப்போய் இருக்கிறதே ஐஸ்பெர்க், அது பெரும்பாலும் தண்ணீர்தான். 100 கிராமில் வைட்டமின் சி 3 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றிக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 மில்லிகிராம் வேண்டும். அதை ஐஸ்பெர்க்கிலிருந்தே எடுக்கவேண்டுமென்றால் தினமும் 300 கிராமுக்கு மேல் தின்னவேண்டும். அவ்வளவு தின்றால் வயிற்றோட்டம்தான் மிச்சம்.

அந்த வைட்டமினில்தான் எல்லாம் இருக்கிறது. நாய், பூனை, எலி, மாடு எல்லாம் அதைத் தம் உடம்பிலேயே செய்துகொள்கின்றன. கினிப்பன்றிக்கு அது முடியாது. அதைச் செய்வதற்கான கடைசி என்சைம் அதன் ஈரலில் இல்லை. மனிதருக்கும் இல்லை. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் பெரிபெரி நோயை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தைப் போட்டு வளர்த்தார்கள். வந்தது பெரிபெரி இல்லை, வைட்டமின் சி இல்லாமல் வரும், கப்பல்காரர்களை வாட்டிய ஸ்கர்வி. தீனியில் முட்டைக்கோஸ் போன்ற பச்சைக் காய்களைச் சேர்த்தபோது நோய் அண்டவில்லை. வைட்டமின் சி-யைக் கண்டுபிடிக்க வழி திறந்ததில் இந்தச் சின்ன ஜீவனுக்குப் பெரிய பங்கு உண்டு. நமக்காக இவ்வளவு பட்ட உயிருக்குத் தினமும் ஒரு பிடி பச்சையைத் தேடிக் கொடுப்பது நம் கடமை என்று நான் நிஜமாகவே நினைக்கிறேன்.

சரி, லெட்டூஸ் இல்லாமல் என்ன செய்வது? குடைமிளகாய் வாங்கு. சிவப்பாக இருந்தால் 100 கிராமில் 100 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கும், பச்சையில் 80 வரை. ஒன்றுக்கு 20 கிராம், அதாவது இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று போதும், அன்றைய கணக்கு முடிந்தது. அதுவும் விலை ஏறித்தான் இருக்கும், ஆனால் ஒரு காய் இரண்டுக்கும் சேர்த்து மூன்று நாலு நாள் வரும். விதையையும் காம்பையும் எடுத்துவிடு. முட்டைக்கோஸ், புரோக்கோலி, காலிஃபிளவர் இலையிலும் சத்து இருக்கிறது, ஆனால் வயிற்றில் வாயு சேரும். நடுநடுவே ஒரு சின்னத் துண்டோடு நிறுத்திக்கொள்.

கொத்தமல்லியை நீயே போடலாம். உங்கள் ஊர்க் கோடையில் அது சீக்கிரம் பூத்துவிடும், இப்போதைய குளிருக்கு நன்றாக வரும். தனியாவை உள்ளங்கையில் தேய்த்து இரண்டாக்கித் தொட்டியில் தூவு. அது வளரும்வரை கோதுமைப்புல் போடு. நம் மாரியம்மன் கோயிலுக்கு அம்மா முளைப்பாரி போடுவாளே, அதே வேலைதான். முளைப்பாரியை இருட்டில் வைப்போம், இதற்கு வெளிச்சம் வேண்டும். மருந்து தடவாத கோதுமையாக இருக்கவேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் அறுக்கலாம். இரண்டு மூன்று தட்டுகளை நாள் விட்டு நாள் போட்டால் தொடர்ந்து கிடைக்கும். பூசணம் பிடித்த தட்டை அப்படியே கொட்டிவிடு, மேலாக அறுத்துப் போடாதே.

உன் வீட்டுப் புல்தரையைப் போட்டோவில் பார்த்தேன். அங்கே கௌச் என்று சொல்கிறார்களே, அது நம் அருகம்புல்லேதான். பிள்ளையாருக்கு வைக்கிற அதே புல். கத்தரிக்கோலால் வெட்டி அப்போதே போட்டால் இவற்றுக்கு அதைவிட நல்ல பச்சை கிடையாது. ஆனால் புல்வெட்டும் மெஷினில் விழுந்த புல்லை அள்ளிப் போடாதே. நசுங்கி, சூடேறி, சீக்கிரம் புளித்துவிடும். வெள்ளத் தண்ணீர் தேங்கிய இடம், களைக்கொல்லி அடிக்கும் நடைபாதை ஓரம், நாய்கள் போகும் இடம், இங்கெல்லாம் பறிக்காதே. டேண்டலியன் என்ற மஞ்சள் பூச்செடியின் இலையும் பூவும் நல்லது, அது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கொடு. வேலியோரத்து அரளி, உண்ணிச்செடி, புல்லுக்குள் வளரும் புளியாரை எதுவும் கலந்துவிடக் கூடாது. குட்டியைத் தனியாகப் பறிக்க விடாதே.

நம் கீரைதானே என்று தொட்டியிலிருக்கும் தண்டுக்கீரையையும் பசலையையும் போட உனக்குக் கை போகும். அவற்றில் கல் உண்டாக்கும் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச்சத்து அதிகம். இந்த ஜீவன்கள் தேவைக்கு மிஞ்சிய சுண்ணாம்புச்சத்தைச் சிறுநீரில்தான் வெளியேற்றும், சீக்கிரம் கல் வந்துவிடும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, போகும்போது கத்தினாலோ காத்திருக்காதே, மருத்துவரிடம் கொண்டுபோ. குதிரைமசாலும் இதே காரணத்தால் குட்டிகளுக்கும் சினையானவற்றுக்கும்தான். உன்னுடையவை இரண்டும் வளர்ந்த ஆண்கள், வேண்டாம். வெங்காயம், பூண்டு, அவகாடோ, உருளைக்கிழங்குச் செடியின் இலை, இவை ஒருநாளும் கூடாது.

பச்சை எதுவாக இருந்தாலும் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு கப் அளவுதான். வயிறு நிறைய வேண்டியது உலர்புல். டிமோத்திப் புல்லோ ஓட்ஸ் புல்லோ எது கிடைக்கிறதோ அது, ராத்திரி பகல் எப்போதும் கூண்டில் இருக்கட்டும். அவற்றின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நாரை மென்று தேய்க்காவிட்டால் பல் வளைந்து வாய்க்குள் குத்தும், அப்புறம் தின்னவே முடியாது. பெல்லட் என்ற குச்சித் தீனிப் பையில் வைட்டமின் சி என்று போட்டிருந்தாலும் தயாரித்த தேதியைப் பார். மாதக்கணக்கில் கிடந்தால் சத்து குறைந்துபோகும். தண்ணீரில் விடுகிற வைட்டமின் சொட்டுமருந்தை நான் நம்புவதில்லை. சீக்கிரம் கெட்டுவிடும், ருசி மாறினால் தண்ணீரும் குடிக்காது.

புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் கொஞ்சம். இரண்டு மூன்று நாள் புழுக்கையைப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்கு. அவற்றின் குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குத் திடீர் மாற்றம் ஆகாது. அரை நாள் எதையும் தொடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால் அன்றே காட்ட வேண்டும், மறுநாளைக்கு என்று வைக்காதே. நடக்கத் தயங்குவது, மூட்டு வீங்குவது, ஈறில் ரத்தம், இதெல்லாம் ஸ்கர்வியின் அடையாளம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்து, எடையைக் குட்டி கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லு. நோய் வெளியே தெரிவதற்கு முன்னால் எடை குறைந்துவிடும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா