எங்க அம்மாவோட சளிய இனிமே பஸ்ல அனுப்ப வைக்காதீங்க

எங்க மலைக்குப் பொறுப்பா இருக்குற சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆஸ்பத்திரி பேரு போடல, யாரையும் மாட்டி விடணும்னு நான் எழுதல. எந்த ஆஸ்பத்திரின்னு உங்களுக்கே தெரியும். சளிய வச்சு டிபி கண்டுபுடிக்கிற ட்ரூநாட் மிஷின் லேப் மூலையில துணி போட்டு மூடிக் கிடக்குறதும் தெரியும், ஒவ்வொரு டெஸ்டுக்கும் அதுல போட வேண்டிய சிப் இல்ல சிப் இல்லன்னு லேப் அக்கா எழுதி எழுதி அனுப்பினதும் தெரியும். அதனால அந்தக் கதைய திரும்ப ஆரம்பிக்கல. எங்க வீட்ல நடந்தத மட்டும் சொல்றேன், தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

அம்மா பந்தலூர் பக்கம் டீ எஸ்டேட்ல கொழுந்து எடுக்குறாங்க. ஜூன்ல இருமல் ஆரம்பிச்சுது, மழையில நனைஞ்சா எல்லாருக்கும் வர்றதுதானேன்னு விட்டுட்டோம், அது எங்க தப்பு. ரெண்டு வாரம் தாண்டியும் நிக்கல, சாயங்காலம் ஆனா காய்ச்சல் வேற, போட்டிருந்த ஜாக்கெட் தொளதொளன்னு ஆயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனோம், சளி எடுத்து ஸ்லைடுல பாத்துட்டு நெகட்டிவ்னு சொல்லிட்டாங்க. இருமல் டானிக் குடுத்தாங்க. அம்மா மறுநாளே வேலைக்குப் போயிட்டாங்க, டிபி இல்லன்னு சொன்னப்புறம் வீட்ல எதுக்கு உக்காரணும்.

ஒரு மில்லி சளியில பத்தாயிரம் கிருமியாவது இருந்தாத்தான் மைக்ராஸ்கோப்ல கண்ணுக்குத் தெரியும்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. மூடி வச்சிருக்கீங்களே அந்த மிஷின், அது கிருமியோட டிஎன்ஏவ தேடுறதால நூறு சொச்சம் இருந்தாலே புடிச்சிடும். ஒரு மணி நேரத்துல டிபி இருக்கா இல்லயான்னு சொல்லும், இன்னொரு மணி நேரத்துல டிபிக்குக் குடுக்குற முக்கியமான மருந்து ரிஃபாம்பிசின் கேக்குமா கேக்காதான்னும் சொல்லும். பேட்டரில ஓடுது, ஏசி ரூம் வேண்டாம். மழைக்காலத்துல எங்க ஊர்ல கரண்ட் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா? எங்கள மாதிரி ஊருக்குன்னே நம்ம நாட்டுலயே செஞ்ச மிஷின் சார் அது, 2020ல உலக சுகாதார நிறுவனமே ஒத்துக்கிட்டது. அதே 2020ல கொரோனா டெஸ்டுக்கும் ஐசிஎம்ஆர் இதே மிஷினுக்கு அனுமதி குடுத்துச்சு, அப்போ நாடு பூரா ஓடுச்சு.

இருமல் நிக்கவே இல்லன்னு மறுபடி போனப்போ, மிஷின்ல போடணும்னா சளிய மேல பெரிய லேபுக்கு அனுப்பணும், எடுத்துட்டுப் போற ஆள் இப்ப இல்ல, நீங்களே கொண்டு போயிடுங்கன்னு சொன்னாங்க.

காலையில எந்திரிச்சதும் வர்ற முதல் சளிதான் நல்லதாம், வீட்டுக்குள்ள எடுக்கக்கூடாது, வெளில காத்தோட்டமா நின்னு எடுக்கணும். சரிதான், ஆனா எங்க லைன் வீட்டு வாசல்ல விடியக்காலைல யானை நிக்கும். அண்ணன் டார்ச் அடிச்சுக்கிட்டு நிக்க, அம்மா சுவத்தப் புடிச்சுக்கிட்டு இருமி இருமி அந்தக் குப்பியில துப்பினாங்க. நான் அத மூணு கவர் போட்டுச் சுத்தி, ஐஸ் வச்ச டப்பாவுல போட்டு, ரெண்டு பஸ் மாறி எடுத்துட்டுப் போனேன். கீழ வச்சா சாஞ்சிடும்னு மடியிலயே வச்சிருந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த பாட்டி பையில என்ன கண்ணு பலகாரமான்னு கேட்டாங்க, எனக்கு வாயே வரல, தலைய ஆட்டிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். நடுவட்டம் கிட்ட மரம் விழுந்து வண்டி எல்லாம் நின்னுடுச்சு. லேப் போய்ச் சேர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சு போச்சு, நாளைக்கு வாங்கன்னுட்டாங்க. மறுநாள் குடுத்தது கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க. அடுத்த தடவை மூடி லீக்காகி கவருக்குள்ள ஊத்தி இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அண்ணனுக்கு ஒரு பேரு, அதாவது ஒரு நாள் கூலி போச்சு, எனக்கு ஒரு நாள் லீவு போச்சு.

கடைசியா குடுத்த சளிக்கு அன்னிக்கு சாயங்காலமே போன் வந்துச்சு. டிபி இருக்கு, மருந்து கேக்கும். மெஷின்ல போட்டா ஒரே நாள்ல தெரியுற விஷயம் எங்களுக்குத் தெரிய முதல் தடவை ஆஸ்பத்திரி போனதுல இருந்து 41 நாள் ஆச்சு. அந்த 41 நாளும் அண்ணன் பையன், நாலு வயசு, அப்பாயி கிட்டதான் படுப்பேன்னு அவங்க போர்வைக்குள்ளயே தூங்கினான். ஒரே ரூம் வீடு, தள்ளிப் படுக்க இடமும் இல்ல. இப்போ அவனுக்கு நோய் இல்ல ஆனா வரக்கூடாதுன்னு மாத்திரை குடுத்திருக்காங்க. தினமும் அழுதுக்கிட்டே முழுங்குறான்.

மாசம் ஆயிரம் ரூபா சத்துணவுக்குக் குடுக்குறீங்க, நல்லது. காசநோய் இறப்பில்லா திட்டம் 2022ல இருந்து நடக்குது, எடை ரொம்பக் குறைஞ்சவங்கள, மூச்சு வாங்குறவங்கள உடனே அட்மிட் பண்ணிப் பாக்குறீங்க, அதையும் மனசார பாராட்டுறேன். ஆனா இதெல்லாம் நோய்னு பேரு வச்சதுக்கு அப்புறம்தானே வருது? பேரே வைக்காத 41 நாள்ல எங்க அம்மா உங்க எந்தத் திட்டத்துலயும் இல்ல. அந்த நாள்லதான் அவங்க எளச்சதும், கூட கொழுந்து எடுத்தவங்களுக்கு முன்னாடி நின்னு இருமினதும். அதனாலதான் கேக்குறேன், மிஷினுக்கு சிப் குடுங்க.

டிபிக்கு ஆஸ்பத்திரியில படுக்கவே வேண்டாம், வீட்ல இருந்து மாத்திரை சாப்பிட்டாலே குணமாகும்னு 1950கள்ல உலகத்துக்கே காட்டினது சென்னை சேத்துப்பட்டுல இருக்குற டிபி ஆராய்ச்சி மையம். 1907லயே நாய்க்கடி மருந்துக்குன்னு குன்னூர்ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட் வந்தது நம்ம நீலகிரியில. அந்த மாவட்டத்துல 2 மணி நேர டெஸ்டுக்கு ஒரு பொண்ணு சளி டப்பாவ மடியில வச்சுக்கிட்டு மலை ஏறுது. ஸ்கேனுக்கு மேல போ, சர்ட்டிபிகேட்டுக்கு மேல போ, ரத்தத்துக்கு மேல போன்னு எங்கள எப்பவும் பஸ்லயே வச்சிருக்கீங்க, ரோட்டுல மண்ணு சரிஞ்சா அன்னிக்கு யாருக்கும் நோய் வரக்கூடாதா? கோவத்துல எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஆனா கோவம் உண்மைதான்.

பெரிய பில்டிங் எல்லாம் கேக்கல. சிப் தீர்றதுக்கு முன்னாடியே அடுத்த பெட்டி வந்து சேரணும். இருமலோட வர்றவங்களோட முதல் சளியவே மிஷின்ல போடணும், ஸ்லைடு நெகட்டிவ்னு வீட்டுக்கு அனுப்பக்கூடாது. மிஷின் ரிப்பேர்னா சளிய எடுத்துட்டுப் போக உங்க ஆள் வரணும், நோயாளி வீட்டுக்காரங்க தூக்கிட்டுப் போகக்கூடாது. லேப் அக்காவ இதுக்காக யாரும் திட்டிடாதீங்க, அவங்க ஒருத்தர்தான் எங்களுக்காகப் பேசினாங்க.

அம்மா இப்போ மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்காங்க, சாப்பாடு கொஞ்சம் இறங்குது. எங்க லைன்லயே கடைசி வீட்ல ஒரு அண்ணன் மூணு வாரமா இருமுறாரு. திங்கக்கிழமை காலையில நானே அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரப்போறேன். அதுக்குள்ள சிப் வந்திருக்கணும், தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
பந்தலூர் தாலுகா எஸ்டேட் தொழிலாளி ஒருத்தரோட மகள்